ஆளில்லாத திடலுக்கு 65,000 பேர் ஏன் போனார்கள்?

2012 மே 19, சனிக்கிழமை மாலை. ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில், ஐரோப்பியக் காற்பந்துக் குழுக்களின் உச்சக் கிண்ணமான சாம்பியன்ஸ் லீக்கின் இறுதியாட்டம். உள்ளூர்க் குழுவான பாயர்ன் மியூனிக்கும் லண்டனின் செல்சியும் மோதின. ஆட்டம் நடந்தது நகரத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கும் அலியான்ஸ் அரங்கத்தில். உள்ளே 62,500 பேர். அதே நேரத்தில், சில கிலோமீட்டர் தள்ளி, பழைய ஒலிம்பிக் அரங்கத்தில் ஏறக்குறைய 65,000 பேர் கூடியிருந்தார்கள். அங்கே ஆட்டக்காரர் இல்லை, நடுவர் இல்லை, பந்தும் இல்லை. பெரிய திரைகள் மட்டும் இருந்தன. அக்டோபர் பீர் திருவிழா நடக்கும் தெரேசியன்வீசே மைதானத்தில் இன்னும் 30,000 பேர். ஆட்டத்தை நேரில் பார்த்தவர்களைவிட, அதே ஊரில் திரையில் சேர்ந்து பார்த்தவர்கள் அதிகம்.

இவர்கள் வீட்டில் டிவி இல்லாதவர்கள் அல்ல. ஜெர்மன் குழு ஒன்று ஐரோப்பியக் கிண்ண இறுதிக்கு வந்துவிட்டால், அந்த ஆட்டத்தைக் கட்டண அலைவரிசையில் மட்டும் காட்டி மூடி வைக்க முடியாது. எல்லாரும் பார்க்கும்படி காட்ட வேண்டும் என்று அந்த நாட்டில் சட்டமே இருக்கிறது. சோபாவில் கால் நீட்டிக்கொண்டு, குளிர்பதனப் பெட்டியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, காசில்லாமல் பார்த்திருக்கலாம். எங்கள் அப்பா காலத்தில், ஆறுமுகம் மலேசியாவுக்குக் கோல் காத்த நாட்களில், தோட்டத்து மண்டபத்தில் இருந்த ஒரே டிவியின் முன்னால் தொழிலாளர் குடியிருப்பான லயத்து சனமே உட்கார்ந்து ஆட்டம் பார்த்தது என்றால் அதற்குக் காரணம் டிவி ஒன்றுதான் இருந்தது. மியூனிக்காரர்களுக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. இருந்தும் போனார்கள்.

முதல் காரணம் எளிது: டிக்கெட் இல்லை. அந்த இறுதியாட்டத்துக்கு இரண்டு குழுக்களுக்கும் தலா 17,500 டிக்கெட்டுகள் ஒதுக்கப்பட்டன. இரண்டையும் கூட்டினால் 35,000. மீதமிருந்த 27,500 இருக்கைகள் பொது விற்பனைக்கும், காற்பந்துச் சங்கங்களுக்கும், விளம்பரதாரர்களுக்கும், ஒளிபரப்பு நிறுவனங்களுக்கும், அழைக்கப்பட்ட விருந்தினர்களுக்கும் போயின. சொந்த ஊர், சொந்த அரங்கம், ஆனால் பாயர்ன் ரசிகர்களுக்கென்று ஒதுக்கியது மொத்த இருக்கையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அடுத்த ஆண்டு லண்டன் வெம்ப்ளியில் நடந்த இறுதிக்கு, இன்னொரு ஜெர்மன் குழுவான டார்ட்மண்டின் ரசிகர்களிடமிருந்து 5 லட்சத்துக்கும் மேற்பட்ட டிக்கெட் கோரிக்கைகள் வந்தன. கிடைத்ததோ 25,000-க்கும் குறைவு. 2022 யூரோப்பா லீக் இறுதியில் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸும் ஃபிராங்ஃபர்ட்டும் ஸ்பெயினின் செவியா நகரத்தில் மோதியபோது, ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அந்த ஊருக்குப் படையெடுத்தார்கள். அரங்கத்தின் மொத்தக் கொள்ளளவே 43,000 சொச்சம்தான். டிக்கெட் கிடைக்காது என்று தெரிந்தே விமானம் ஏறியவர்கள் அவர்களில் பாதிக்கு மேல்.

இதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். டிக்கெட் இல்லாதவர் வீட்டில் தங்கிவிடவில்லை. உள்ளே விடாவிட்டாலும் ஊர்வரை போகிறார். ஊரிலேயே இருப்பவர் வேறொரு திடலுக்குப் போகிறார். டிக்கெட் பற்றாக்குறை அவர்கள் ஏன் அரங்கத்துக்குள் இல்லை என்பதற்குப் பதில் சொல்லும்; ஏன் வீட்டிலும் இல்லை என்பதற்குச் சொல்லாது.

மியூனிக் ஒலிம்பிக் அரங்கம் ஏதோ ஒரு காலி மைதானம் அல்ல. 1972 ஒலிம்பிக்குக்காகக் கட்டியது. கூடாரம் போல வளைந்து தொங்கும் கண்ணாடி நிறக் கூரையைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 1974 உலகக் கிண்ண இறுதியாட்டம் அங்கேதான் நடந்தது. பாயர்ன் 1972 முதல் 2005 வரை அங்கே விளையாடியது. நாற்பது வயதைத் தாண்டிய ஒரு மியூனிக் ரசிகர் முதன்முதலில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டம் பார்க்கப் போன இடம் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். புதிய அரங்கத்துக்குள் இடம் கிடைக்காத இரவில் அவர்கள் பழைய வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள்.

கூடவே இன்னொன்று. 2006 உலகக் கிண்ணத்தை ஜெர்மனி நடத்தியபோது, டிக்கெட் இல்லாதவர்களுக்காக ஊருக்கு ஊர் சதுக்கங்களில் திரை கட்டினார்கள். பெர்லினில் பிராண்டன்பர்க் வாயிலுக்கு முன்னால் நீளும் சாலை முழுக்க சனம். ‘பப்ளிக் வியூயிங்’ என்று ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து ஜெர்மானியர்கள் அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள், அது அவர்கள் மொழியில் ஒட்டிக்கொண்டது. அந்தக் கோடையில் பழகிய பழக்கம்தான் ஆறு ஆண்டு கழித்து ஒரு கிளப் ஆட்டத்துக்கு ஒலிம்பிக் அரங்கத்தை நிறைத்தது.

சரி, அந்த இரவுக்கு வருவோம். ‘ஃபினாலே தஹோம்’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பவேரிய வட்டார வழக்கில் ‘நம்ம வீட்டில் இறுதியாட்டம்’ என்று பொருள். ஒரு குழு தன் சொந்த அரங்கத்தில் ஐரோப்பியக் கிண்ண இறுதி ஆடுவது அபூர்வம். 1957-ல் ரியால் மாட்ரிட்டும் 1965-ல் இன்டர் மிலானும் ஆடி வென்றன. 1984-ல் ரோமா தன் ஊரில் லிவர்பூலிடம் பினால்ட்டியில் தோற்றது. பாயர்ன் ரசிகர்கள் அரங்கத்தின் தென்பக்கத்தில் விரித்த பெரிய பதாகையில் ‘எங்கள் நகரம், எங்கள் அரங்கம், எங்கள் கிண்ணம்’ என்று இருந்தது. இவர்கள் எவ்வளவு உறுதியாக இருந்தார்கள் என்பதற்கு அந்த மூன்று சொற்றொடர்கள் போதும்.

ஆட்டமும் அப்படித்தான் போனது. பாயர்னுக்கு 20 கார்னர். செல்சிக்கு ஒன்றே ஒன்று. செல்சியின் தலைவர் ஜான் டெர்ரி தடை காரணமாக ஆடவில்லை. மணிக்கணக்காக ஒரு கதவைத் தட்டிக்கொண்டே இருப்பதுபோல இருந்தது. 83-வது நிமிடத்தில் தாமஸ் முல்லர் தலையால் தட்டினார், பந்து தரையில் ஒருமுறை எகிறி உள்ளே போனது. எதிரே கோல் காத்து நின்றவர் பெட்ர் செக். அடித்தது மியூனிக் குழுவிலேயே வளர்ந்த பையன். ஊருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? நான்கு நிமிடம் கழித்து முல்லரை வெளியே எடுத்துத் தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவரை இறக்கினார்கள். அடுத்த நிமிடம், 88-ல், செல்சிக்கு அந்த ஒரே கார்னர். மாத்தா உதைத்தார், ட்ரொக்பா தலையால் மோதினார், கோல்.

கூடுதல் நேரத்தில் பாயர்னுக்கு ஒரு பினால்ட்டி. ராபன் உதைத்ததை செக் பிடித்துவிட்டார். பிறகு பினால்ட்டி வரிசை, அதுவும் பாயர்ன் ரசிகர்கள் நின்ற பக்கத்திலேயே. மாத்தாவின் உதையை பாயர்னின் கோல்காவலர் நொயர் தடுத்தார். நொயரே போய் ஒன்று அடித்தார். செக் ஒவ்வொரு பினால்ட்டிக்கும் சரியான பக்கமே பாய்ந்துகொண்டிருந்தார். ஒலிச்சின் உதை தடுக்கப்பட்டது. ஷ்வைன்ஸ்டைகர் உதைத்தது செக்கின் விரல் நுனியில் பட்டுக் கம்பத்தில் மோதித் திரும்பியது. ஏறக்குறைய மூன்றரை வாரத்துக்கு முன்பு மாட்ரிட்டில், அரையிறுதியில், கடைசிப் பினால்ட்டியை அடித்து பாயர்னை இந்த இறுதிக்குக் கொண்டுவந்தவரே அவர்தான். பிறகு ட்ரொக்பா நடந்து வந்தார். 4-3. கிண்ணம் லண்டனுக்குப் போனது.

இப்போது அந்த 65,000 பேரை நினைத்துப் பாருங்கள். தோற்றது தெரிந்த நொடியில் வீட்டில் இருப்பவர் என்ன செய்வார்? டிவியை அணைப்பார். மனைவி தூங்கியிருப்பார், பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். இருட்டில் தனியாக உட்கார்ந்திருப்பார். ஒலிம்பிக் அரங்கத்தில் இருந்தவருக்கோ இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், முன்பின் தெரியாதவர்கள், எல்லாரும் அதே முகத்தோடு. என்ன நடந்தது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘ஒரு பந்தாட்டத்துக்கா இவ்வளவு?’ என்று கேட்க அங்கே ஆளில்லை. எங்களூரில் சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் எதுவும் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார்களே, அதன் அருமை தெரிந்தவர்களுக்கு இது புரியும். கூடிப் பார்ப்பதைக் கொண்டாட்டத்துக்கான ஏற்பாடு என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். வெற்றியை எங்கிருந்தும் கொண்டாடலாம், தெருவில் இறங்கினால் போதும். கூட்டம் உண்மையில் தேவைப்படுவது தோல்வியைத் தாங்கவும், அதற்கு முந்தைய அந்த இரண்டரை மணி நேரக் காத்திருப்பைத் தாங்கவும்தான் என்பது என் எண்ணம்.

அந்தத் துக்கம் கசந்தும் போனது, அதையும் சொல்ல வேண்டும். மூன்று நாள் கழித்து அலியான்ஸ் அரங்கத்தில் பாயர்னும் நெதர்லாந்தும் நட்புமுறை ஆட்டம் ஆடின. நெதர்லாந்துச் சட்டை போட்டு இறங்கிய ராபனைப் பார்த்து பாயர்ன் ரசிகர்களே சீழ்க்கையடித்துக் கேலி செய்தார்கள். சேர்ந்து அழுத கூட்டமே சேர்ந்து ஒருவரைக் குற்றவாளியாக்கவும் செய்யும்.

மியூனிக்கில் அப்போது இரவு பதினொன்றைத் தாண்டியிருந்தது. எங்களுக்குக் கிள்ளானில் விடிகாலை ஐந்தேகால். நான் அதைப் பார்த்தது ஒரு மாமாக் கடையில்.

மலேசியாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காக: மாமாக் கடை என்பது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை. ‘மாமா’ என்ற நம் சொல்லிலிருந்துதான் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். ராமநாதபுரம், நாகப்பட்டினம், கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வழிவந்த தொழில். பல கடைகள் இரவு முழுக்கத் திறந்திருக்கும். தே தாரிக் என்ற இழுத்து ஆற்றிய பால் தேநீர், ரொட்டி சானாய், மீ கோரெங், மைலோ ஐஸ். சுவரில் ஒரு வெள்ளைத் திரை, மேலே ஒரு ப்ரொஜெக்டர். ஐரோப்பாவின் இரவு ஆட்டம் அப்போதெல்லாம் எங்களுக்கு அதிகாலை 2.45-க்கோ 3.45-க்கோ தொடங்கும், வேறு எந்த இடமும் அந்த நேரத்தில் திறந்திருக்காது. அதனால் சாதி, மதம், இனம் எதுவும் பார்க்காமல் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் ஒரே சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரே திரையைப் பார்க்கும் இடமாக அந்தக் கடைகள் ஆகிவிட்டன. இந்த நாட்டில் அப்படி ஓர் இடம் தானாக உருவானது, அதைத் தமிழர்கள் நடத்துகிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

அன்று கடையில் முக்கால்வாசிப் பேர் செல்சிக்காரர்கள், அல்லது அன்றைக்கு மட்டும் செல்சிக்காரர்கள். என் நண்பன் ஒருவன் மட்டும் பாயர்ன். 1999-ல் பார்சிலோனா அரங்கத்தில், 90 நிமிடம் முடிந்த பிறகு இரண்டு கோல் வாங்கி பாயர்ன் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் தோற்றதே, அந்த இரவில் தோற்றவர்கள் மேல் பிடித்த பிரியம். திரையில் ஒரு பல்லி ஆட்டக்காரர்களுக்கு நடுவே அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதை விரட்டவில்லை.

சாலைக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு கடை. அங்கேயும் திரை, அங்கேயும் கூட்டம். எங்கள் கடையில் புது எச்டி பெட்டி, படம் கண்ணாடி மாதிரி இருக்கும். எதிர்க்கடையில் பழைய பெட்டி, படம் கொஞ்சம் மங்கல். ஆனால் அவர்களுக்கு எல்லாம் ஒன்றிரண்டு நொடி முன்னாலேயே நடந்துவிடும். 88-வது நிமிடம் மாத்தா உதைத்த பந்து எங்கள் திரையில் இன்னும் காற்றில் இருக்கிறது, எதிர்க்கடையில் நாற்காலிகள் விழும் சத்தம் கேட்டது. என் நண்பன் கண்ணை மூடிக்கொண்டான். பந்து வலைக்குள் போனதை அவன் பார்க்கவே இல்லை.

இந்த நொடிக்கணக்கு சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் கூடிப் பார்ப்பதன் உயிர்நாடியே இதில்தான் இருக்கிறது, கொஞ்சம் விளக்குகிறேன். திடலில் உள்ள கேமராவிலிருந்து படம் ஒளிபரப்பு வண்டிக்குப் போகிறது, அங்கிருந்து செயற்கைக்கோளுக்கு. அது பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில் இருக்கிறது. ஏறி இறங்கவே கால் நொடி. பெரிய தாமதம் அதனால் வருவதில்லை. படத்தைச் சுருக்கி அனுப்பவும், வீட்டுப் பெட்டி அதைத் திரும்ப விரிக்கவும்தான் நொடிகள் செலவாகின்றன. படம் எவ்வளவு தெளிவோ அவ்வளவு வேலை, அதனால்தான் எங்கள் எச்டி பெட்டி பின்தங்கியது. இணையம் வழியாகப் பார்ப்பவர் நிலைமை இன்னும் மோசம். இணையத்தில் படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள். கைப்பேசி, தடங்கல் வந்தால் சமாளிக்க வேண்டுமே என்று, அந்தத் துண்டுகளில் சிலவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஓட்டத் தொடங்கும். அதனால் டிஷ்ஷில் பார்ப்பவரைவிட இருபது, முப்பது நொடி பின்னால் இருப்பது சாதாரணம். நடுவட்டத்திலிருந்து ஓர் ஆட்டக்காரர் பினால்ட்டிப் புள்ளிக்கு நடந்து வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். உங்கள் திரையில் ட்ரொக்பா நடந்து வந்துகொண்டிருக்கும்போதே அடுத்த தெரு வெடி வெடித்து முடித்திருக்கும். காற்றில் ஒலி ஒரு கிலோமீட்டர் போக மூன்று நொடிதான். கூச்சல் உங்கள் இணைய இணைப்பைவிட வேகமாக வரும். வாட்ஸ்அப் குழுவில் எவனாவது ஒரு ‘ஐயோ’ போட்டாலே போதும், எல்லாம் முடிந்தது.

தனித்தனியாகப் பார்ப்பவர்கள் ஒரே ஆட்டத்தைப் பார்த்தாலும் ஒரே நொடியில் பார்ப்பதில்லை. ஒலிம்பிக் அரங்கத்தில் இருந்த 65,000 பேருக்கும் கிடைத்தது அந்த ஒரே நொடிதான். கம்பத்தில் பந்து மோதியதை ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் தெரிந்துகொள்ளவில்லை. யாரும் யாருக்கும் செய்தி சொல்லவில்லை. ஒரே திரை என்றால் ஒரே கடிகாரம்.

அந்த நொடிகள் உடம்பை என்ன செய்கின்றன என்பதையும் மியூனிக்கிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். 2006 உலகக் கிண்ணத்தின்போது மியூனிக் வட்டாரத்தில் இதயக் கோளாறோடு அவசர மருத்துவ உதவி கேட்டவர்களின் கணக்கை ஒரு மருத்துவர் குழு ஆராய்ந்தது. மற்ற நாட்களையும் சேர்த்து மொத்தம் 4,279 பேர். ஜெர்மனி விளையாடிய நாட்களில் அந்த எண்ணிக்கை வழக்கத்தைப்போல 2.66 மடங்கு, ஆண்களில் மூன்று மடங்கையும் தாண்டியது. ஆட்டம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில்தான் உச்சம். 2008-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இது வெளிவந்தது. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம் என்றும் அதில் சொன்னார்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் ஒருவர் பினால்ட்டி வரிசையைத் தனியறையில் பார்ப்பதை நான் விரும்பமாட்டேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் கவனிக்க ஓர் ஆளாவது பக்கத்தில் இருக்கட்டும்.

ஆனால் கூட்டமே ஆபத்தாகிவிடும் இரவுகளும் உண்டு. 2017 ஜூன் 3. யுவெண்டஸும் ரியால் மாட்ரிட்டும் வேல்ஸில் கார்டிஃப் நகரத்தில் ஆடிக்கொண்டிருந்தன. யுவெண்டஸின் ஊரான இத்தாலியின் டுரினில், சான் கார்லோ சதுக்கத்தில் பல்லாயிரம் பேர் பெரிய திரையின் முன்னால் நின்றிருந்தார்கள். அந்த ஆண்டு ஐரோப்பாவில் தாக்குதல்கள் நடந்துகொண்டிருந்த நேரம், சனம் பயந்திருந்தது. கொள்ளையடிக்க வந்த ஒரு கும்பல் கூட்டத்துக்குள் மிளகுத் தெளிப்பானை அடித்தது. யாரோ ஓடினார்கள், பிறகு எல்லாரும் ஓடினார்கள். தரையெங்கும் உடைந்த பீர் பாட்டில்கள், விழுந்தவர்கள் கண்ணாடி மேலேயே விழுந்தார்கள். 1,500-க்கும் மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். ஒரு பெண் அதே மாதத்தில் இறந்தார். நடக்க முடியாமல் போன இன்னொரு பெண் 2019-ல் இறந்தார். ஆட்டம் நடந்த நகரத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, வெறும் திரை பார்க்கப் போன இடத்தில் இது நடந்தது. அதன்பிறகுதான் இத்தாலியக் காவல்துறைத் தலைமை, பொதுவெளிக் கூட்டங்களுக்குக் கடுமையான விதிகளோடு சுற்றறிக்கை அனுப்பியது: எத்தனை பேரை விடலாம், வெளியேறும் வழிகள் எங்கே, இப்படி. அரங்கத்துக்கு வாசல் உண்டு, இருக்கை எண் உண்டு, எண்ணி உள்ளே விடுவார்கள். சதுக்கத்துக்கு அது எதுவும் இல்லை. திரை கட்டுவது சுலபம். அதன் முன்னால் நிற்கும் சனத்தைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்புவதுதான் உண்மையான ஏற்பாடு. கண்ணாடி பாட்டிலுக்குப் பதிலாகக் காகிதக் குவளை என்ற சின்ன முடிவு எத்தனை கால்களைக் காப்பாற்றியிருக்கும் என்று யோசித்தால் வயிறு எரிகிறது.

கூடிப் பார்ப்பவர்களில் பாதியில் எழுந்து போகிறவர்களும் உண்டு. 2005 மே 25, இஸ்தான்புல். இடைவேளையில் ஏசி மிலான் 3, லிவர்பூல் 0. முதல் நிமிடத்திலேயே மால்டினி, பிறகு கிரெஸ்போ இரண்டு. அரங்கத்தில் இருந்த லிவர்பூல் ரசிகர்கள் இடைவேளையில் தங்கள் கிளப் பாட்டை எடுத்துப் பாடினார்கள், ஒரு குறையும் இல்லாதவர்கள் மாதிரி. 54-ல் ஜெராட், 56-ல் ஸ்மிட்சர், 60-ல் அலோன்சோ. ஆறு நிமிடத்தில் மூன்று கோல். பினால்ட்டியில் லிவர்பூல் 3-2 என்று வென்றது. எங்களூரில் இடைவேளையில் ‘அண்ணே, கிரா!’ என்று கணக்குப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். இருபது ஆண்டு ஆகியும் அவர்களை விட்டபாடில்லை. ‘நீ மூணு-சைபர்ல போனவன்தானடா’ என்ற ஒரு வரி போதும், தலை குனிந்துவிடும். தனியாகப் பார்த்துத் தூங்கப் போனவனுக்கு இந்தத் தண்டனை இல்லை, ஏனென்றால் அவன் போனது யாருக்கும் தெரியாது. கூட்டத்தில் இருப்பவன் மட்டும்தான் சாட்சி ஆகிறான்.

நேரத்தைப் பற்றியும் ஒரு செய்தி. இந்த இறுதியாட்டம் பல ஆண்டுகள் புதன்கிழமை இரவில்தான் நடந்தது. 2010-ல் அதைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள், பள்ளிப் பிள்ளைகளும் குடும்பங்களும் பார்க்கட்டும் என்று. பிறகு ஐரோப்பிய நேரம் 9 மணிக்குப் போனது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நள்ளிரவு 12.30, எங்களுக்கு அதிகாலை 3. 2017, 2018, 2019 ஆகிய மூன்று ஆண்டும் இறுதியாட்டம் நோன்பு மாதத்தில் வந்தது. சஹர் சாப்பாட்டுக்கு எழுந்தவர்களும் ஆட்டத்துக்குத் தூங்காமல் இருந்தவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்த அந்த மூன்று இரவுகளை மாமாக் கடைக்காரர்கள் மறக்கமாட்டார்கள். கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் ஒரு கடையில் வாடிக்கையாளர்களே தட்டு எடுத்து வைத்ததைப் பார்த்தேன். 2026 இறுதியாட்டத்தை மாலை 6 மணிக்குத் தொடங்குவதாக ஐரோப்பியக் காற்பந்துச் சங்கம் அறிவித்தது. ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் ரயில், பேருந்து பிடித்துப் பத்திரமாகத் திரும்பலாம், பிள்ளைகளும் விழித்திருந்து பார்க்கலாம் என்பது காரணம். அதன்படி சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இரவு 9.30, கிள்ளானுக்கும் சிங்கப்பூருக்கும் சரியாக நள்ளிரவு 12. என் மகளையும் அழைத்துப் போகலாம் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

2012-ல் ஆட்டம் முடிந்த பிறகு செல்சிக்காரர்கள் கொஞ்ச நேரம் ஆடிவிட்டுக் கலைந்தார்கள். நண்பன் எழவில்லை. நாங்களும் எழவில்லை. கடைக்கார அண்ணன் ப்ரொஜெக்டரை அணைத்தார், பல்லி மட்டும் வெறும் திரையில் நின்றது. சூரா என்ற சிறு தொழுகைக் கூடத்திலிருந்து சுபுஹு பாங்கு கேட்டது. அண்ணன் ஒரு தே தாரிக்கை அவன் முன்னால் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தொழப் போனார்.

அடுத்த ஆண்டு மே 25, வெம்ப்ளி. எங்களுக்கு 26 விடிகாலை. பாயர்னும் டார்ட்மண்டும். அதே கடை, அதே மேசை, எதிரே அதே பழைய பெட்டிக் கடை. 60-ல் மஞ்சுகிச், 68-ல் குண்டோகன் பினால்ட்டி, 1-1. 89-வது நிமிடம். எங்கள் திரையில் ரிபெரியிடம் இப்போதுதான் பந்து வந்து சேர்கிறது, அதைக் குதிகாலால் அவர் ராபனுக்குத் தட்டவில்லை இன்னும். எதிர்க்கடையில் கூச்சல் எழுந்தது. எந்தக் குழுவுக்கு என்று தெரியாது. நண்பன் திரையைப் பார்க்கவில்லை, அந்தக் கடைப்பக்கம் திரும்பினான். அங்கே சாலையோரம் பாயர்னின் சிவப்புச் சட்டை ஒன்று நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தது. அவனும் எழுந்து நின்றுவிட்டான், ராபன் இன்னும் பந்தைத் தொடவே இல்லை.